“சார் நல்லவரும்மா” என்று மகள் சீறும்போது: ஒரு தாயின் கேள்விக்கு என் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்துத் தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 13 வயது. ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் வாலிபால் ஆடுகிறாள். ஹாஸ்டலில் செல்போன் கூடாது. ஆனால் கோச் அவளுக்கு ரகசியமாக ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மேட்ச் முடிந்து மலையேறும்போது மற்ற பிள்ளைகள் வேனில் வர, இவளை மட்டும் தன் காரில் ஏற்றிக்கொள்கிறார். லீவுக்கு வந்தபோது போன் கண்ணில் பட்டுக் கேட்டால், “சார் மட்டும்தான் என்னைப் புரிஞ்சுக்கறார், உங்க புத்திதான் அசிங்கமா போகுது” என்று கத்தியிருக்கிறாள். பள்ளிகளில் நடக்கும் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் வகுப்புகள் உதவுமா என்றும் தாய் கேட்டிருக்கிறார். “தப்பா எதுவும் நடந்த மாதிரி தெரியல. நான்தான் வீணா சந்தேகப்படறனா? அவகிட்ட எப்படிக் கேக்கறது?” என்று முடித்திருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஆள் ஆபத்தானவரா என்பது ஒன்று. என் பெண் ஏன் என்னிடம் மறைக்கிறாள், ஏன் அவர் பக்கம் நிற்கிறாள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பத்து வரிகளைப் படித்துவிட்டு யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு முடியும். அதைப் புரிந்துகொண்டால், முதலாவதற்கு விடை கிடைக்கும்வரை காத்திராமலே செய்யவேண்டியதைச் செய்துவிடலாம்.

ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களுக்கென்று ஒரு முகமோ குணமோ கிடையாது. திருமணமானவர், பக்திமான், ஊரில் மரியாதையுள்ளவர் என்று எல்லா வகையிலும் இருக்கிறார்கள். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். குழந்தையிடம் தெரியும் அறிகுறிகளும் அப்படித்தான். தூக்கம் கெடுவது, மார்க் குறைவது, எரிச்சல், சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் துன்புறுத்தலாலும் வரும், வீட்டை விட்டு ஹாஸ்டலில் இருக்கும் ஏக்கத்தாலும் வரும், 13 வயதாலும் வரும். அவற்றை வைத்து நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ தீர்ப்பு எழுத முடியாது.

ஆனால் ஏற்பாட்டைப் பார்த்துச் சொல்லலாம். உங்கள் கேள்வியில் மறைவான போன், தனியான கார்ப் பயணம், “சார் மட்டும்தான்” என்ற பேச்சு என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அந்த மனிதரின் மனசில் என்ன இருந்தாலும் சரி, வளர்ந்த ஒருவர் ஒரு குழந்தையோடு சேர்ந்து பெற்றோருக்கும் பள்ளிக்கும் தெரியாத ரகசியத்தை உருவாக்குவது தவறு. அது இன்றே நிற்கவேண்டும். நல்ல கோச் என்றால், “இனிமேல் வேனில் எல்லோரோடும் வரட்டும், பேசவேண்டியதைப் பெற்றோரும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் பேசுங்கள்” என்று சொன்னால் உடனே சரி என்பார். அதற்கு ஒருவர் கோபப்பட்டால் அதையும் கவனத்தில் வையுங்கள். நீங்கள் சந்தேகப் பிராணி இல்லை.

இனி, இது எப்படி நடக்கிறது என்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபின்கெல்ஹோர் 1984இல் சொன்ன விளக்கம் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்யும் எங்கள் துறையில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அத்துமீறல் நடக்க நான்கு படிகள் தாண்டப்பட வேண்டும். அந்த ஆளுக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்கவேண்டும். தன் மனசாட்சியை அவர் அடக்கவேண்டும். குழந்தையைச் சுற்றியுள்ள பெரியவர்களின் காவலைத் தாண்டவேண்டும். கடைசியாகத்தான் குழந்தையின் எதிர்ப்பைத் தாண்டவேண்டும். நாமோ பாரம் முழுவதையும் இந்த நான்காவது படியில் கொண்டுபோய் வைக்கிறோம். “யாராவது தொட்டா கத்து, ஓடி வந்துடு” என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். நம் கையில் இருப்பது மூன்றாவது படி. அதனால்தான் அத்துமீறுபவர்களும் பெரும்பாலும் முதலில் பெரியவர்களைத்தான் வளைக்கிறார்கள். ஃபீஸ் கட்டத் தாமதமானால் பள்ளியில் பேசி அவகாசம் வாங்கிக் கொடுப்பது, ஷூ வாங்கித் தருவது, “உங்க பொண்ணு ஸ்டேட் லெவல் போவா” என்பது, ஆடிப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது. இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல காரியங்கள். பின்னாளில் குழந்தை ஒரு வார்த்தை சொன்னால்கூட “அவரா? சீச்சீ” என்று வீடே சொல்லிவிடும். 

குழந்தையிடம் வேலை மெதுவாக நடக்கும். நீ மற்றவர்கள் மாதிரி இல்லை என்று தனியாக நிறுத்துவார்கள். அப்புறம் ஒரு சிறிய விதிமீறலில் கூட்டுச் சேர்ப்பார்கள். ஹாஸ்டல் போன் விவகாரத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். அந்தப் போனை வாங்கிக்கொண்ட நாளிலிருந்தே உங்கள் மகள் தன் கணக்கில் குற்றவாளி. நாளை ஏதாவது நடந்து அதைச் சொல்லவேண்டுமானால், “என்கிட்ட போன் இருந்துச்சு” என்பதில்தான் அவள் தொடங்கவேண்டும். அதன் பிறகு தோள்மேல் கை போடுவது, கேலியாக ஒரு பேச்சு, ஒரு மீம், “போட்டோ அனுப்பு” என்பது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்பதால் எந்த இடத்தில் மறுக்கவேண்டும் என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. முந்தையதற்கு ஒத்துக்கொண்டோமே என்ற குற்ற உணர்ச்சி அடுத்ததற்கு வாயை அடைக்கிறது. பயத்தில் உடல் உறைந்து அசையாமல் போவதும் உண்டு. தொடுதலுக்கு உடல் தானாக எதிர்வினை காட்டிவிடுவதும் உண்டு. இரண்டும் நரம்பு மண்டலத்தின் வேலை, சம்மதம் இல்லை. ஆனால் “நீயும்தானே விரும்பினே” என்று அதையே ஆயுதமாக்குவார்கள். குழந்தையும் நம்பிவிடும்.

ஆகவே பிள்ளை வாய் திறக்காததை நீங்கள் இப்படிப் பாருங்கள்: சொன்னால் எதையெல்லாம் இழப்பேன் என்று அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். போன் போகும். வாலிபால் போகும். ஏற்காட்டிலிருந்து டி.சி. வாங்கிவிடுவார்கள். அப்பா அடிப்பார், அல்லது அவரைப் போய் வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போவார். அம்மாவின் முகம் மாறிவிடும். “இவ பேரு கெட்டுச்சு” என்று சித்தி, அத்தை எல்லாம் பேசுவார்கள். இத்தனைக்கும் மேல், தன்னைத் தலையில் தூக்கிவைத்த ஒரே மனிதரையும் இழக்கவேண்டும். இந்த அன்பு அவளுக்கு உண்மையானது என்பதை மறந்துவிடாதீர்கள். அவள் அவருக்காகச் சண்டை போடுவது அவளுடைய கெட்ட குணத்தால் அல்ல. பாதுகாப்பு என்று நாம் பேசுவதில் பாதி வேலை, சொல்வதற்கு அவள் கொடுக்கவேண்டிய விலையைக் குறைப்பதுதான்.

இந்தக் காரணத்தால், போனைப் பிடுங்கி உடைக்கவோ, இன்றிரவே அந்த கோச்சுக்குப் போன் போட்டுக் கத்தவோ வேண்டாம். பிடுங்கினால் அவளுடைய கணக்கு சரி என்று நிரூபிக்கிறீர்கள். கோச்சிடம் கத்தினால் ஆதாரங்களை அழிக்க அவருக்கு நேரம் கொடுக்கிறீர்கள். அவளிடம் அழுது மன்னிப்புக் கேட்கவும் மிரட்டவும் வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். விசாரணை மாதிரி எதிரில் உட்காரவைத்துக் கேட்பதும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பஸ்ஸிலோ, பூண்டு உரிக்கும்போதோ, கண்ணுக்குக் கண் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பேசுங்கள். அப்பா, பாட்டி, அக்கா யாரும் வேண்டாம், ஒருவர் போதும். முதலில் விலையை இறக்கிவையுங்கள்: “கண்ணு, அந்தப் போனுக்காக உன்னை நான் திட்டப் போறதில்ல. உன்னை வாலிபால்ல இருந்து நிறுத்தப் போறதில்ல. பெரியவங்க ஒருத்தர் சின்னப் பிள்ளைகிட்ட ரகசியம் வச்சுக்கச் சொன்னா அது அந்தப் பெரியவங்க தப்பு, பிள்ளை தப்பில்ல.” அப்புறம் திறந்த கேள்வி ஒன்று: “சார் கூட கார்ல வரும்போது எப்படிப் போகும்? சொல்லேன்.” அவள் நிறுத்தினால் “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். “அங்க தொட்டாரா, இங்க தொட்டாரா” என்று நீங்கள் வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது அவளைக் கூசவைக்கும், பிற்பாடு கோர்ட்டில் “அம்மா சொல்லிக் கொடுத்தது” என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடம் கொடுக்கும். “ஏன் அப்பவே சொல்லல?” என்ற கேள்வி கூடவே கூடாது. “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. “உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன்” என்று சொல்லலாம்.

முதல் தடவையே எதுவும் வராது. பிள்ளைகள் ஒரு சின்னத் துணுக்கை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், “என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு நடந்துச்சு” என்றுகூடத் தொடங்குவார்கள். முகம் கலங்காமல் இருந்தால் அடுத்த துணுக்கு சில நாள் கழித்து வரும். வந்தால், “நான் நம்பறேன். உன் தப்பு இல்ல. சொன்னது நல்லதாப் போச்சு” என்று சொல்லுங்கள். அன்றிரவு தனியாக உட்கார்ந்து தேதி, நேரம், அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே என்று எழுதிவையுங்கள். உங்கள் விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள், உறவினர் எதிரில் சொல்லவைக்காதீர்கள்.

போனில் உள்ளதைப் பாதுகாக்கும் முறை தெரிந்திருப்பது நல்லது. வாட்ஸாப்பில் தானாக மறையும் மெசேஜ்களை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம், எனவே தாமதம் ஆபத்து. இன்னொரு போனால் திரையைப் படமெடுங்கள். எண், பெயர், தேதி, நேரம் தெரியவேண்டும். இன்ஸ்டாகிராம் என்றால் பெயரை மாற்றிவிடுவார்கள் என்பதால் அந்தக் கணக்கின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் பிளாக் செய்யவேண்டும். ஒன்றில் மட்டும் மிகவும் கவனம்: குழந்தையின் அந்தரங்கப் படம் இருந்தால் அதைப் படமெடுக்கவோ, மாமாவுக்கும் பிரின்சிபாலுக்கும் “ஆதாரம்” என்று அனுப்பவோ கூடாது. அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவதும், புகார் செய்யாமல் வைத்திருப்பதும் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, எதையும் அழிக்காமல், அப்படியே போலீஸிடம் கொடுங்கள். அசல் கருவி கையில் இருப்பது வழக்குக்குப் பெரிய பலம்.

சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஓர் இடம் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் புகார் கொடுக்கவேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவரைப் பற்றி நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை. “நம்ம ஸ்கூல் பேரு கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மீண்டும் மீண்டும் போனில் தொடர்புகொள்வதே இச்சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். கை பட்டிருக்கவேண்டும் என்பதில்லை. பள்ளி ஊழியர் குழந்தையைத் தொட்டு அத்துமீறினால் அது கடுமையான வகைக் குற்றமாகிறது, தண்டனையும் கூடுகிறது.

சம்பவம் ஏற்காட்டில் என்றாலும் புகாரைச் சேலத்தில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பியனுப்பக் கூடாது. பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், நீங்கள் உடன் இருக்கப் பதிவு செய்யவேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். வழக்கு முடியும்வரை கூட வர ஆதரவு நபர் ஒருவரை அந்தக் குழுவிடம் கேட்கலாம். நேரடியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது என்பதால் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் உண்டு.

உடல்ரீதியாக ஏதாவது நடந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கிறது என்றால் ஆஸ்பத்திரி முதலில், புகார் பிறகு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனையும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தந்தாகவேண்டும், எஃப்.ஐ.ஆர். கேட்டு நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையும் அந்தக் கெடுவுக்குள்தான் நன்றாக வேலை செய்யும். தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. குளிப்பாட்டாமல் கூட்டிப் போங்கள். துணியைத் துவைக்காமல், நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் இல்லாமல் காகிதப் பையில் போடுங்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்கவேண்டும். காயம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. உண்மையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடலில் எந்த அடையாளமும் இருப்பதில்லை.

இதுவரை அவள் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பள்ளிக்குப் போங்கள். போன், கார் இரண்டையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வெளியூர் மேட்ச்சுக்குப் போகும்போது பெண் ஆசிரியை ஒருவர் கூட வருகிறாரா, இரவில் பிள்ளைகள் தூங்கும் ஹாலுக்கு யார் யாரிடம் சாவி இருக்கிறது, தனிப் பயிற்சி என்றால் வெளியிலிருந்து பார்க்கக்கூடிய, யாரும் சட்டென்று உள்ளே வரக்கூடிய இடத்தில்தான் நடக்கிறதா, புகார்ப் பெட்டியின் சாவி வார்டனிடமே இருக்கிறதா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வார்டன் மேசையருகே நின்றபடி, பின்னால் இருபது பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க, மூன்று நிமிடத்தில் எந்தக் குழந்தையும் எதையும் சொல்லாது. அதற்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்: “பாட்டிக்கு முட்டி வலி எப்படி இருக்கு?” என்று அவள் கேட்டால், வந்து என்னைக் கூட்டிப்போ என்று அர்த்தம். கேட்ட அன்றே நீங்கள் மலையேறவேண்டும். ஒருமுறை சும்மா சோதித்துப் பார்க்க அவள் சொன்னாலும் போகவேண்டும். அந்த ஒரு பயணத்தில்தான் அவள் உங்களை நம்புவாள்.

பள்ளிகளில் நடக்கும் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் வகுப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, அப்படிப்பட்ட வகுப்புகளால் குழந்தைகளின் விவரமும் தற்காப்பு அறிவும் கூடுகின்றன. அத்துமீறல் குறைகிறது என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே வகுப்பு வேண்டும், அதை மட்டும் நம்பக் கூடாது. தொடுதலைவிட ரகசியத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது இந்த வயதில் அதிகம் உதவும் என்பது என் கருத்து. பிறந்தநாள் பரிசு மாதிரி, ஒருநாள் எல்லோருக்கும் தெரியப்போகும் ரகசியம் பரவாயில்லை. யாருக்கும் என்றைக்கும் சொல்லக் கூடாது என்று பெரியவர் ஒருவர் சொல்லும் ரகசியம் வீட்டுக்கு வந்தாகவேண்டும்.

படத்தை வைத்து மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், கேட்டதை அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த மிரட்டல் பெரிதாக வரும். பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் அதிகம் குறிவைப்பது பதின்ம வயது ஆண்பிள்ளைகளை, ஆகவே வீட்டில் பையன் இருந்தால் அவனிடமும் இதைச் சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது: படம் போனை விட்டு வெளியே போகாமலே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, இதில் சேர்ந்துள்ள தளங்களில் அதைத் தடுக்கும். வாட்ஸாப் மாதிரி பூட்டிய உரையாடல்களுக்குள் அதனால் எட்ட முடியாது. பெண்களை வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் அந்தக் கும்பலுக்கு மூலதனமாக இருந்தது வீடியோ வெளியே வந்துவிடும் என்ற பயம்தான். பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டில் வந்து சொன்ன பிறகு, 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புகாருக்குப் பிறகு வரும் ஒரு கட்டத்துக்கும் தயாராக இருங்கள். சொன்ன குழந்தை சில வாரம் கழித்து, “நான் பொய் சொன்னேம்மா, விட்டுடுங்க” என்று சொல்லலாம். ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983லேயே இதை விவரித்திருக்கிறார். உண்மை என்று நிலைநாட்டப்பட்ட 257 வழக்குகளை எடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில் சுமார் 23 சதவீதக் குழந்தைகள் இப்படிப் பின்வாங்கியிருந்தார்கள். குற்றம் சாட்டப்படாத பெற்றோரின் ஆதரவு இல்லாத வீடுகளில் இது அதிகமாக இருந்தது. அவள் அப்படிச் சொல்லும் நாளில், அதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன பேசப்பட்டது, யார் அழுதார்கள், யார் “உன்னாலதான்” என்றார்கள் என்று பாருங்கள். குழந்தைகளோடு வேலை செய்து பழகிய மனநல ஆலோசகரிடம் அப்போது கூட்டிப் போங்கள். பாதிப்புக்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே தேறி வருகிறார்கள்.

கோச் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தாலும் தெரியாமலே போனாலும் வாலிபாலை நிறுத்திவிடாதீர்கள். வேறு கோச்சை ஏற்பாடு செய்யுமாறு பள்ளியைக் கேளுங்கள். முடியாது என்றால் சேலத்திலேயே ஓர் அணியில் சேர்த்துவிடுங்கள், முதல் சில மாதம் நீங்களோ அவள் அப்பாவோ கூடப் போய் மைதான ஓரத்தில் உட்காருங்கள். அந்தப் போனுக்குப் பதிலாக, அவள் எப்போது வேண்டுமானாலும் உங்களைக் கூப்பிடக்கூடிய ஒரு வழியைப் பள்ளியின் அனுமதியோடு அமைத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் போனைக் கேட்டு வாங்குங்கள்.